வக்கீலுக்குப் படித்தால் வயிறு நிறையுமா?

பிளஸ்-2 தேர்வு முடிவு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "அடுத்தது என்ன?" என்பதே அந்தப் பேச்சு.

ஒரு காலத்தில் இதற்கு யோசனையே தேவைப்படவில்லை. "என்ஜினீயர்" என்றார்கள். என்ஜினீயர்கள் பெருகினார்கள். வேலை அந்த அளவுக்குப் பெருகவில்லை. இப்போது பல பெற்றோர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்கள். "பையனை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா?" "பெண்ணைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. தறிச் சத்தம் கேட்கும் ஊர். கையில் இருக்கும் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே ஒரு பிள்ளை ஐந்து ஆண்டு படிப்பது என்றால், அந்தப் பிள்ளை மட்டும் படிப்பது அல்ல. குடும்பமே சேர்ந்து படிப்பது போல. ஆகவே கணக்குப் பார்த்துத்தான் இறங்கவேண்டும்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

பக்கத்தில் வந்த கல்லூரி

சட்டம் படிக்க வேண்டும் என்றால் முன்பெல்லாம் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். ஐகோர்ட்டு வளாகத்தில் சட்டக் கல்லூரி இருந்தது. 1891-ல் தொடங்கிய கல்லூரி அது. 1990-ல் அதற்கு டாக்டர் அம்பேத்கர் பெயரைச் சூட்டினார்கள்.

2018-ல் அந்தக் கல்லூரி ஐகோர்ட்டு வளாகத்தை விட்டு வெளியேறியது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் கல்லூரி இரண்டாகப் பிரிந்து இடம் மாறியது. ஒன்று புதுப்பாக்கத்துக்குப் போனது. மற்றொன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அந்த ஊர். சென்னை மாணவர்களுக்கு அது தொலைவு. திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ, கல்லூரி வீட்டை நோக்கி நடந்து வந்தது போல ஆயிற்று.

வேலூரை அடுத்த காட்பாடியிலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. செங்கல்பட்டிலும் இருக்கிறது.

படிப்பு இரண்டு வகை. பிளஸ்-2 முடித்தவர்கள் ஐந்து ஆண்டு படிக்கலாம். ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்கள் மூன்று ஆண்டு படிக்கலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. மார்க்கைப் பார்த்து இடம் தருகிறார்கள். கட்டணம் குறைவு. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தொழில் படிப்புகளில் அவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்க 2021-ல் சட்டம் வந்தது. சட்டப் படிப்பும் அதில் சேர்ந்தது.

இதைக் கேட்டவுடன், "இவ்வளவு மலிவா? உடனே சேர்த்துவிடலாமே!" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மலிவாக இருப்பது கல்லூரிதான். வக்கீல் ஆவது மலிவு அல்ல.

கணக்கு இதோ!

ஒரு நெசவாளர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு பையன்கள். இரட்டைப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். மாதம் 12,000 ரூபாய் சம்பளம். மற்றவன் சட்டம் படிக்கிறான்.

ஐந்து ஆண்டுக்கு 60 மாதம். வேலைக்குப் போன பையன் கொண்டுவருவது 7,20,000 ரூபாய். படிக்கும் பையன் அதைக் கொண்டுவரவில்லை. பஸ், புத்தகம், தேர்வு, வெளிச் செலவு என்று அவனுக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகிறது. 60 மாதத்துக்கு 1,80,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 9 லட்சம்.

படிப்பு முடிந்தது. கறுப்புக் கோட்டு போட்டாயிற்று. ஆனால் அன்றே கட்சிக்காரர்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். மூன்று ஆண்டு ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறான். மாதம் 5,000 ரூபாய் கிடைக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் மாதம் 7,000 ரூபாய் வித்தியாசம். 36 மாதத்துக்கு 2,52,000 ரூபாய்.

எல்லாம் சேர்ந்து 11,52,000 ரூபாய். கல்லூரிக் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை!

இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை. ஒவ்வொரு வீட்டிலும் இது கூடலாம், குறையலாம். உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள். ஆனால் ஓர் உண்மை மாறாது. கல்லூரி வாங்குவது கொஞ்சம். காலம் வாங்குவதுதான் அதிகம்.

தனியார் கல்லூரி என்றால் கணக்கே வேறு. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தாலும் ஐந்து ஆண்டுக்கு ஏழரை லட்சம். அதை வங்கியில் கடன் வாங்கி, நூற்றுக்கு 11 வட்டியில், பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை 10,000 ரூபாயைத் தாண்டும். ஜூனியர் வக்கீலுக்கு வருகிற காசு முழுவதையும் கொடுத்தாலும் போதாது. கடன் வாங்கிச் சட்டம் படிப்பவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜூனியர் வாழ்க்கை

ஜூனியர் என்றால் என்ன வேலை?

காலையில் சீனியரின் ஆபீசுக்குப் போகவேண்டும். கட்டுகளை எடுத்து வைக்கவேண்டும். கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாங்கவேண்டும். நகல் மனு போடவேண்டும். குமாஸ்தாவிடம் நயமாகப் பேசி வேலை கற்கவேண்டும். மாலையில் மறுபடி ஆபீஸ். சீனியர் கட்சிக்காரரிடம் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

இதில் கேவலம் எதுவும் இல்லை. தச்சரிடம் சீடன் உளி பிடிக்கக் கற்பது போலத்தான் இது. புத்தகத்தில் படித்த சட்டம் வேறு. கோர்ட்டில் நடக்கும் சட்டம் வேறு. மனு எழுதவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் இங்கேதான் கற்க முடியும்.

ஆனால் சீடனுக்கும் பசிக்கும் அல்லவா?

அப்பா வக்கீலாக இருந்தால் மகனுக்கு ஆபீஸ் தயார். நாற்காலி தயார். கட்சிக்காரரும் தயார். நிலம் உள்ள வீட்டுப் பையனானால் ஐந்து ஆண்டு வருமானம் இல்லாமல் இருந்தாலும் அடுப்பு எரியும். தறி நெய்யும் வீட்டுப் பையனுக்கு அப்படி இல்லை. அவன் முதல் ஆண்டிலேயே வீட்டுக்குப் பணம் தரவேண்டும். தர முடியவில்லை என்றால் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகவேண்டும். கூர்மையான மூளை உள்ள பையன்கள் இப்படித் தொழிலை விட்டுப் போவது உண்டு. அவர்களுக்குத் திறமை இல்லாமல் அல்ல. காத்திருக்க வசதி இல்லாமல்.

"வேலை பார்த்துக்கொண்டே வக்கீல் தொழிலும் செய்யலாமே?" என்று கேட்கலாம். முடியாது. முழு நேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இரண்டு தோணியில் கால் வைக்க வழி இல்லை.

காந்தியும் காத்திருந்தார்

இந்தக் கஷ்டம் இன்று வந்தது அல்ல. பெரியவர்களுக்கும் வந்தது.

காந்தியடிகள் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி, 1891-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் தொழில் தொடங்கினார். முதல் வழக்கு ஒரு சின்ன வழக்கு. பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார். தலை சுற்றியது. வாயில் வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு ராஜ்கோட்டுக்குப் போனார். அங்கே மனுக்கள் எழுதிக் கொடுத்துச் சம்பாதித்தார். அப்புறம்தான், 1893-ல், ஒரு கம்பெனி வழக்குக்காகத் தென் ஆப்பிரிக்கா சென்றார். மற்றவை உலகம் அறிந்த கதை.

டாக்டர் அம்பேத்கரும் பாரிஸ்டர்தான். 1923-ல் பம்பாயில் வக்கீல் தொழில் தொடங்கினார். சாதியின் காரணமாக அவரிடம் வர மறுத்தவர்கள் உண்டு. வருமானம் போதவில்லை. ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் கற்றுக் கொடுத்து அந்தக் காலத்தை ஓட்டினார். அவர் பெயரைத்தான் இன்று நம் சட்டக் கல்லூரி தாங்கி நிற்கிறது.

இவர்கள் இருவரிடமும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வழக்கு வரும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் உட்காரவில்லை. ஒருவர் மனு எழுதினார். ஒருவர் பாடம் சொன்னார். கற்ற சட்டத்தைக் கொண்டே பிழைத்தார்கள்.

வழக்கோ மலை, வருமானமோ கடுகு!

"நாட்டில் இத்தனை வழக்கு இருக்கிறதே! வக்கீலுக்கு எப்படி வேலை இல்லாமல் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி.

இந்தியாவின் எல்லாக் கோர்ட்டுகளிலும் சேர்த்து 5 கோடிக்கு மேல் வழக்குகள் முடியாமல் கிடக்கின்றன. வக்கீல்களோ ஏறக்குறைய 15 லட்சம் பேர் என்று 2022-ல் கணக்குச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 15 பேர்தான் பெண்கள். கணக்குப்படி பார்த்தால் ஒரு வக்கீலுக்கு 30 வழக்குக்கு மேல் வரவேண்டும். ஏன் வரவில்லை?

முதல் காரணம், முடியாத வழக்கு பணம் தராது. வழக்கு நடந்தால்தான் பீஸ் வரும். நீதிபதிகள் போதாததால் வழக்கு நகர்வதில்லை. நம் நாட்டில் பத்து லட்சம் மக்களுக்கு 21 நீதிபதிகள் என்ற அளவுதான் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு 50 பேர் வேண்டும் என்று சட்டக் கமிஷன் 1987-லேயே சொன்னது. ஆண்டுகள் ஓடின. பாதி தூரம்கூட வரவில்லை.

இரண்டாவது காரணம், வழக்குகள் சமமாகப் பங்கு பிரிவதில்லை. பேர் எடுத்த வக்கீலிடம் நூறு கட்டு இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஒன்றும் இராது. கூட்டம் இருக்கும் கடைக்குத்தானே கூட்டம் போகும்?

மூன்றாவது காரணம், வழக்கு உள்ளவர்களில் பலரிடம் பணம் இல்லை. நிலத் தகராறில் சிக்கிய ஏழை விவசாயிக்கு வக்கீல் தேவை. ஆனால் கொடுக்கக் காசு இல்லை. தேவை வேறு, காசுள்ள தேவை வேறு. பசித்தவர்கள் அதிகம் இருக்கும் தெருவில் ஓட்டல் வைத்தால் லாபம் வந்துவிடுமா? இதுவும் அப்படித்தான்.

மூன்று முடிவுகள்

அண்மையில் கோர்ட்டுகள் மூன்று முடிவுகள் சொல்லியிருக்கின்றன. சட்டம் படிக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் முடிவு, பதிவுக் கட்டணம் பற்றியது. பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி இதற்குக் கட்டணம் 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்களில் பல பெயர் சொல்லிப் பல ஆயிரம் வாங்கினார்கள். ஒரு மாநிலத்தில் அது 40,000 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை நிறுத்தியது. "சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல செய்தி.

இரண்டாவது முடிவு, ஜூனியரின் சம்பளம் பற்றியது. 2024 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அதன்படி சென்னை, மதுரை, கோவையில் உள்ள ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்த பட்சம் கொடுக்கும்படி தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் பட்டணத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று சிபாரிசு செய்தது.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் சிறிய ஊரில் சீனியருக்கே மாதம் எவ்வளவு வருகிறது என்று யோசிக்க வேண்டும். தொழில் கற்க வந்த பையன் குருவிடம் போய், "உத்தரவுப்படி கொடுங்கள், சார்" என்று கேட்பானா? கேட்டால் மறுநாள் நாற்காலி இருக்குமா? ஆகவே இந்த 15,000 ரூபாயை நம்பிக் கடன் வாங்காதீர்கள். கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முடிவு, நீதிபதி வேலை பற்றியது. படிப்பு முடிந்த கையோடு தேர்வு எழுதி சிவில் நீதிபதி ஆகிவிடலாம் என்று பலர் ஆசைப்பட்டார்கள். 2002 முதல் அதற்கு வழி இருந்தது. 2025 மே 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியை மூடியது. மூன்று ஆண்டு வக்கீலாகத் தொழில் செய்தவர்தான் இனி வரும் தேர்வுகளை எழுதலாம் என்று சொன்னது. கோர்ட்டு அனுபவம் இல்லாதவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் சிக்கல் வருகிறது என்பது அதற்குக் காரணம்.

காரணம் நியாயமானது. ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது? காத்திருக்க வசதி இல்லாத பிள்ளையின் தலையில். முதல் இரண்டு முடிவுகளும் ஏழைப் பிள்ளையின் சுமையைக் குறைக்கப் பார்க்கின்றன. மூன்றாவது முடிவு காத்திருக்கும் காலத்தை நீட்டுகிறது. இரண்டாவது முடிவு எல்லா ஊரிலும் உண்மையாக நடந்தால்தான் மூன்றாவது முடிவின் பாரம் தாங்கும். அரசும் பார் கவுன்சிலும் கவனிக்க வேண்டிய இடம் இது.

எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது? ஆந்திரத்தில் 2019-ல் இளம் வக்கீல்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டு கொடுக்கும் திட்டத்தை அந்த அரசு தொடங்கியது. தமிழ்நாட்டிலும் ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு கொடுக்கும் திட்டம் வந்தது. தொகை பெரிது அல்ல. ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும். தகுதி உள்ளவர்கள் விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும்.

லெட்டர்பேடு கல்லூரி: உஷார்!

எல்லையோரத்து மக்களுக்கு ஓர் எச்சரிக்கை.

"அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது. வகுப்புக்குப் போகவேண்டாம். பணம் கட்டினால் போதும். பட்டம் வீட்டுக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டு தரகர்கள் வருவார்கள். ஏமாறாதீர்கள்.

ஆந்திரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் இப்படிப் பெயரளவில் நடக்கும் கல்லூரிகளை "லெட்டர்பேடு கல்லூரிகள்" என்று சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்த என்.கிருபாகரன் 2015-லும் அதற்குப் பின்னும் கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பட்டங்களை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிவு செய்பவர்களால் தொழிலுக்கே கெட்ட பெயர் என்றார்.

தபால் வழியில் சட்டம் படித்து வக்கீல் ஆக முடியாது. இதையும் நினைவில் வைக்கவேண்டும். பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. 2010-ல் அகில இந்திய பார் தேர்வு என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதிலும் தேற வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கல்லூரிகள் அளவுக்கு மேல் பெருகிவிட்டன என்பதை இந்திய பார் கவுன்சிலே ஒப்புக்கொள்கிறது. 2019-ல் ஒரு தடவை, மூன்று ஆண்டுக்குப் புதிய சட்டக் கல்லூரி வேண்டாம் என்றது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் மூன்று ஆண்டுக்குத் தடை போட்டது.

டாலர் நாட்டிலும் இதே கதை

இது நம் நாட்டுக் கஷ்டம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 2008-ல் தொழில்கள் நொடித்தன. வேலை இல்லாதவர்கள் சட்டக் கல்லூரிக்கு ஓடினார்கள். 2010-ல் 52,000 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்கள் படித்து வெளியே வந்தபோது வக்கீல் வேலை குறைந்திருந்தது. தலைக்கு லட்சம் டாலர் அளவுக்குக் கடன் இருந்தது. "வேலை கிடைக்கும் என்று பொய்க் கணக்குக் காட்டி ஏமாற்றினார்கள்" என்று சில மாணவர்கள் தங்கள் கல்லூரிகள் மீதே வழக்குப் போட்டார்கள். பெரும்பாலான வழக்குகள் தள்ளுபடி ஆயின. சில ஆண்டுகளில் புதிதாகச் சேர்பவர் தொகை 40,000-க்குக் கீழே இறங்கியது.

இதில் நமக்கு என்ன பாடம்? "வேறு வேலை கிடைக்கவில்லை, ஆகவே சட்டம் படிக்கிறேன்" என்பது நல்ல காரணம் அல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டு போட்டுக்கொண்டு வேலை தேடுவார்கள்.

ஆர்.கே.பேட்டையில் என்ன வேலை?

"அப்படியானால் சட்டமே படிக்க வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். அப்படிச் சொல்லவில்லை. எங்கே தொழில் நடத்துவது, எந்தத் தொழிலை நடத்துவது என்று தெரிந்து படிக்க வேண்டும்.

சென்னை ஐகோர்ட்டு வாசலில் வக்கீல்கள் ஆயிரக் கணக்கில் இருக்கிறார்கள். அங்கே புதிதாக ஒருவர் பேர் எடுப்பது கடலில் பெருங்காயம் கரைத்தது போல. ஆனால் திருத்தணி வட்டாரத்தின் கதை வேறு.

இந்த வட்டாரம் 1911-ல் சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு போனது. ம.பொ.சிவஞானமும் மற்றவர்களும் வடக்கு எல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி மீண்டும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இதன் பலன் என்ன? இங்கே மக்கள் இரண்டு மொழி பேசுகிறார்கள். பழைய பத்திரங்களில் தெலுங்கு எழுத்து வருவது உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை தாண்டி நடக்கிறது. ஆகவே சொத்துப் பாகமும் எல்லை தாண்டி நடக்கிறது. தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்த வக்கீல் இங்கே இருந்தால், பெரிய நகரத்து வக்கீலுக்கு இல்லாத ஒரு முதல் அவர் கையில் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் விபத்துகள் நடக்கின்றன. நஷ்ட ஈட்டு வழக்குகள் வருகின்றன. நூல் வாங்கி, துணி விற்கும் இடத்தில் செக் கொடுக்கிறார்கள். செக் திரும்பினால் வழக்கு வருகிறது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, பாகப் பத்திரம், குடும்ப வழக்கு என்று சிறு வேலைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் பெரிய தொகை கிடைக்காது. ஆனால் சிறு துளி பெரு வெள்ளம். நாணயமாக நடந்தால் ஓர் ஊரே ஒரு வக்கீலைத் தேடி வரும்.

பெண் வக்கீல்களுக்கு இதில் தனி இடம் உண்டு. ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணும், அடி பட்ட பெண்ணும் தன் குறையை இன்னொரு பெண்ணிடம்தான் மனம் விட்டுச் சொல்வாள். மகளைப் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கோர்ட்டுக்கு வெளியே

சட்டம் படித்தவர் எல்லோரும் கோர்ட்டில்தான் நிற்கவேண்டும் என்பது இல்லை. வங்கிகள் சட்ட அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுக்கின்றன. கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுத ஆள் வேண்டும். சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லலாம். அரசு வழக்கு நடத்தும் உதவி வக்கீல் பதவிக்கு, சில ஆண்டு தொழில் செய்தபின் தேர்வு எழுதலாம்.

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தருவதற்கு 1987-ல் ஒரு சட்டம் வந்தது. 2022 முதல், குற்ற வழக்கில் சிக்கிய ஏழைகளுக்காக முழு நேரமும் வாதாட வக்கீல்களை மாத ஊதியத்தில் அமர்த்தும் முறையும் வந்திருக்கிறது. இதில் சேருபவர் ஏழைக்கு உதவுகிறார், தாமும் சாப்பிடுகிறார்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெறும் நகல் எடுத்து மனு எழுதும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கிவிட்டது. கட்சிக்காரரின் கண்ணீரைத் துடைத்து, கேள்வி கேட்டு, உண்மையை வெளியே கொண்டுவரும் வேலையை அது செய்யாது. பிழைக்க விரும்பும் வக்கீல் அந்த வேலையில் தேற வேண்டும்.

ஐந்து கேள்விகள்

விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. பிள்ளைக்குச் சட்டத்தில் ஆசை இருக்கிறதா? அல்லது வேறு இடம் கிடைக்கவில்லை என்பதற்காகவா?

2. அரசு கல்லூரியில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கத் துணிவு உண்டா? தவணை எவ்வளவு?

3. படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டு அந்தப் பிள்ளையின் வருமானத்தை எதிர்பாராமல் வீடு நடக்குமா?

4. படிக்கும் போதே ஒரு நல்ல சீனியரை அறிமுகம் செய்துகொள்ள வழி இருக்கிறதா? விடுமுறையில் கோர்ட்டுக்குப் போய்ப் பழகப் பிள்ளை தயாரா?

5. எந்த ஊரில், எந்த வகை வழக்கில் தொழில் செய்வது என்று ஒரு யோசனையாவது உண்டா?

ஐந்தில் நான்குக்கு "ஆம்" என்று சொல்ல முடிந்தால், தயங்காமல் சேருங்கள். முக்கியமாக மூன்றாவது கேள்விக்கு "ஆம்" வரவேண்டும். அதற்கு "இல்லை" என்றால் வேறு வழி ஒன்று உண்டு. முதலில் ஏதாவது ஒரு பட்டம் படித்து, சில ஆண்டு வேலை பார்த்து, கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, பிறகு மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். காலம் கொஞ்சம் நீளும். ஆனால் காத்திருக்கும் காலத்துக்குக் கையில் அரிசி இருக்கும்.

திருத்தணியில் 1888-ல் பிறந்து நாட்டின் ஜனாதிபதி ஆனவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தத்துவம் படிக்க நேர்ந்ததற்கு, உறவினர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகங்களே காரணம் என்பார்கள். புதிய புத்தகம் வாங்கக் காசு இல்லாத வீடு அது. இருப்பதைக் கொண்டு தொடங்கினார். ஆனால் தொடங்கியதை முழுவதும் கற்றார்.

சட்டப் படிப்பும் அப்படித்தான். அரைகுறையாகப் படித்தவருக்கு அது சோறு போடாது. முழுவதும் கற்று, ஐந்தாறு ஆண்டு பொறுத்து, நாணயமாக நடப்பவருக்கு அது சோறும் போடும். ஊரில் மதிப்பும் தரும். அந்தப் பொறுமைக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.